எது உள்பக்கம்

பலாலியில் இறங்கி
முதுகுப் பை ஒன்றோடு வந்தாள் கரூர்க்காரி.
பெயர் பூங்கோதை. நிலஅளவையில் வேலை.
"ஒரே நாள்தான் அண்ணா, தலைநகரத்தைக் காட்டுங்க."
கொழும்புக்கு எட்டு மணித்தியாலம் ஓட வேணும், தங்கச்சி.
"அது இல்ல. ராஜா இருந்த தலைநகரம்."

ஏழாயிரம் பேசி
முத்திரைச் சந்திக்குத் திருப்பினேன் ஓட்டோவை.

மந்திரி மனை.
தூணைத் தட்டிப் பார்த்தாள்,
வத்தகப்பழம் வாங்குகிறவள் மாதிரி.
"மந்திரி இங்கதான் இருந்தாரா?"
பேர் அப்படி. வீடு பிறகு கட்டினது என்றும் கதைக்கிறார்கள்.

யமுனா ஏரி.
பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
தினமும் போகிற வழிதான்.
அது 'ப' மாதிரிக் கிடக்கிறதென்று
அவள் கையால் காற்றில் எழுதிக் காட்டியபோதுதான் கண்டேன்.
யமுனைத் தண்ணியைக் குடத்தில் கொண்டுவந்து
ஊற்றினதாம் என்றேன்.
"எத்தனை குடம்?"
சிரிக்காமல் கேட்டாள்.
பச்சைத் தண்ணியில் ஒரு சோடாப் போத்தல்
மூன்று பக்கமும் கரை தேடிக்கொண்டிருந்தது.

கோட்டை ராஜாவுடையதா?
இல்லை, பறங்கி கட்டினது, ஒல்லாந்தன் பெருப்பித்தது.
நூலகம்?
அது நேற்றையது. எரிந்தது, திரும்ப எழும்பினது.
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு
அங்கே மட்டும் அவள் ஒன்றும் அளக்கவில்லை.
கோயில்?
கோயில் கோயில்தான். ஆனால் பழைய இடம் வேறையாம்.

ஆயிரம் தரம் ஓடின தெருவில்
அன்று முழுக்க நான் சொன்னது ஒன்றுதான்:
இது அது இல்லை.

நல்லூரடியில் ஐஸ்கிரீம்.
கண்ணாடிக் கோப்பைக்குள் ஜெலி, முந்திரி, மூன்று நிறம்.
கரண்டியால் சுட்டி
"இது யார் கட்டினது அண்ணா?" என்றாள்.
அப்போதுதான் இரண்டு பேரும் சிரித்தோம்.

திரும்பும்போது பருத்தித்துறை வீதியில்
"நிறுத்துங்க!"
தோரண வாசல்.
காட்ட மறந்தே போனேன்.
பஸ் பார்த்துக் கண் பழகினால் வாசலும் தந்திக்கம்பம்தான்.
அவள் இறங்கி, எட்டு வைத்து அகலம் அளந்தாள்.
ஒரு பக்கம் நின்றாள். மற்றப் பக்கம் போய் நின்றாள்.
கைபேசியை எடுத்தாள், படம் எடுக்காமலே வைத்தாள்.

"வாசல் இருக்கு. வீடு எந்தப் பக்கம் இருந்துது?
இதுல எது உள்பக்கம், அண்ணா?"

பின்னால் ஒரு லொறி கோர்ண் அடித்தது.
நான் ஓட்டோவை ஓரம் கட்டுகிற சாட்டில்
பதில் சொல்லாமல் தப்பினேன்.

பின்னேரம் பலாலியில் இறக்கிவிட்டேன்.
"காத்திருந்ததுக்குத் தனியா எவ்வளவு?"
வேண்டாம் என்றேன். ஐந்நூறை
இருக்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கோப்பாயில் என் காணி.
அத்திவாரம் போட்டு, நல்ல நாள் பார்த்து
வேப்பம் பலகையில் நிலையும் வைத்தாயிற்று,
போன வருசத்துக்கு முந்தின தையில்.
பிறகு சீமெந்து விலை ஏறினது.
கடன் தந்த கந்தோர் கையை விரித்தது.
சுவர் முழங்காலுக்கு மேலே வரவில்லை.
பின்னால் தகரக் கொட்டில். நாங்கள் அதில்.

ஓட்டோவை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தேன்.
பக்கத்து வீட்டு ஆடு
முழங்கால் சுவரைத் தாண்டிப் போனது.
துஷ்யந்தி கடையால் வந்தாள்,
ஒரு கையில் பாண், மற்றக் கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல்.
நாலு பக்கமும் வெளி.
எந்தப் பக்கத்தாலும் வரலாம்.

நிலைக்கு முன்னால் நின்று
செருப்பைக் கழற்றினாள்.
குனிந்து, வலது காலை எடுத்து வைத்து
உள்ளே வந்தாள்.

"என்ன பார்க்கிறியள்?"

ஒன்றுமில்லை என்றேன்.
அந்தப் பிள்ளையின் நம்பரை
நான் வாங்கி வைக்கவில்லை.