கழுவு நீர்க் கணக்கு

கம்பத்து லாரி வந்து நிற்கும்போது
பாளையங்கோட்டையில் விடிந்திருக்காது.
எழுபது கிரேட் பன்னீர்த் திராட்சை.
ஒரு கொத்தாவது வாயில் போடாமல்
இறக்கியதில்லை பரிபூரணம்.
"பலிக்குப் போறது, வே. புளிப்பு பாக்கணும்லா."

நான் ஜெபமாலை. புட்டி கழுவுகிறவள்.
கடற்கரைக் கோயிலிலும் மலையடிக் கோயிலிலும்
கிண்ணத்தில் இறங்குகிற ரசம்
என் கை பட்ட கண்ணாடி வழியே இறங்குகிறது.
பெருமைக்குச் சொல்லவில்லை.
காஸ்டிக் சோடாவில் ரேகை தேய்ந்து
ரேஷன் கடை மெஷின் என்னை
யாரென்று கேட்கிறது.

பிசானத்துக்கு நாற்றுப் பாவிய மறு வாரம்
வண்ணமுத்து வந்தார், கையில் ஒரு செம்பு.
எங்கள் பின்சுவர்க் குழாய்
வாய்க்காலில் விட்ட தண்ணீர் அதில்.
சத்தம் போடவில்லை.
ருசி பார்க்க ஊற்றிவைத்திருந்த கிளாஸ் பக்கத்தில்
செம்பை வைத்தார்.
"ரெண்டும் உம்ம சரக்குதான் சாமி.
எதக் குடிக்கீரு?"

ஃபாதர் இக்னேசியஸ் அன்று மதியம்
சாப்பிடவில்லை என்கிறார்கள். நான் பார்க்கவில்லை.
நான் பார்த்தது, மறுநாள்
என் தொட்டிக் குழாயில் மாட்டிய மீட்டர்.
கூடவே நாற்பது பக்க நோட்டு ஒன்று.

முதல் மாதக் கூட்டலைப் போட்டேன்.
தப்பாயிருக்கும் என்று மறுபடி போட்டேன்.
ஒரு லிட்டர் ரசத்துக்கு
எட்டு லிட்டர் தண்ணீர்.

கானாவூர்க் கல்யாணத்தில்
ஆறு சாடித் தண்ணீர் ஆறு சாடி ரசமானது.
மிச்சம் விழாத கணக்கு.
எங்கள் புதுமையில் மட்டும்
எட்டுப் பங்கும் அப்படியே
நாவல்பழ நிறத்தில்
சுவருக்குப் பின்னால் ஓடியிருக்கிறது.

முதலில் போனது லேபிள் பசை.
கொதிநீரும் சோடாவும் இல்லாமல் விடாத பசை.
புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சினோம்.
பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் கிடந்தால்
தானே கழன்று மிதக்கிறது.
ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்து
நானூறு லேபிள் நாசம்.
கிராம்பைத் தட்டிப் போட்டோம். இப்போது பரவாயில்லை.

இன்றைய கடைசிக் கழுவல்
நாளைய முதல் கழுவல்.
காலிப் புட்டிகள் பஸ் ஏறித் திரும்பி வருகின்றன.
உவரிப் புட்டியில் மணல் இருக்கும்.
வள்ளியூர்ப் புட்டியில் ஒருமுறை
தேங்காய் எண்ணெய் இருந்தது.
அதற்கு ஆன தண்ணீரைத் தனியே எழுதி
அடியில் சிவப்புக் கோடு போட்டேன்,
கோபத்தில்.

சக்கையை வெளியே கொட்டிவைத்த நாலாம் நாள்
எஸ்தர் வீட்டுக் கிடா வயிறு முட்டத் தின்றுவிட்டு
நடு ரோட்டில் உட்கார்ந்து
ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸுக்கு வழிவிட மறுத்தது.
அதன் பிறகுதான் குழி வெட்டினோம்.
சாணி, வேப்பம்புண்ணாக்கு, சக்கை.
மூன்று மாதத்தில் வாழைக்குப் போகிறது.

சித்திரையில் நொதிக்கும் தொட்டி மட்டும்
எங்கள் பேச்சைக் கேட்கவில்லை.
ஈரச் சாக்கு சுற்றினோம்,
ராத்திரியில் ஜன்னலைத் திறந்து வைத்தோம்.
ஒரு தொட்டி முழுக்கக் காடியானது.
ஹாஸ்டல் சமையல்கட்டு
ஒரு வருசம் ஊறுகாய் போட்டது.
பகல் ஏசி இன்னும் ஓடுகிறது.
அந்த யூனிட்டையும் எழுதுகிறேன்,
நோட்டின் பின்பக்கமிருந்து.

இப்போது மூன்றரை லிட்டர்.
அதுவும் ஜல்லியும் கல்வாழையும் நட்ட பள்ளத்தில்
இரண்டு நாள் கிடந்துவிட்டுத்தான் வெளியே போகும்.
வண்ணமுத்து அதே செம்போடு வந்து
மோந்து, முகர்ந்து,
வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.
"குடிக்க மாட்டேன்.
நாத்துக்கு விடுதேன்."
செம்பைக் கவிழ்த்துவிட்டுப் போனார்.
அடுத்த பூவுக்குப் பார்க்கலாம் என்று
அதற்கு அர்த்தம் என்கிறார் பரிபூரணம்.
அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் உண்டு.

சோடாவை நிறுத்தி எட்டு மாதம்.
போன செவ்வாய்க்கிழமை ரேஷன் கடையில்
கட்டைவிரல், இல்லை.
நடுவிரல், இல்லை.
ஆள்காட்டி விரலைத் துடைத்து வைத்தேன்.
பச்சை விளக்கு.
பின்னால் நின்றவள் நகரச் சொல்லும்வரை
விரலை எடுக்கவில்லை.