உத்தரவாதம் ஏதுமின்றி

ஃபயர்வால் என்றதும்
கனகராசு அண்ணனுக்கு நினைவு வந்தது
மூன்று பங்குனிக்கு முன் எரிந்த மஞ்சிக் களம்தான்.
"எத்தனை அடி ஒசரம் வரும்?" என்றார்.

ஒரு முழம்கூட இல்லை.
பழைய பில்லிங் கம்ப்யூட்டர்,
வயிற்றில் இன்னொரு நெட்வொர்க் கார்டு,
கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் எடைமேடை அறையில்
வவுச்சர் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.
வாரம் ஒருமுறை விசிறியைக் கழற்றி
நார்த்தூளை ஊத வேண்டும்.
பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்றுக்கு
விதி எழுத என்னால் முடியவில்லை.
மற்றதற்கெல்லாம் எழுதியிருக்கிறேன்.
பில்லிங் போகலாம்.
கப்பல் கம்பெனியின் தாள்கள் வரலாம்.
களத்துக் கேமராக்கள் வெளியாரோடு பேசக் கூடாது.
ரம்மி கூடாது, அண்ணன் மச்சானுக்கும் சேர்த்து.
கடைசி வரி மட்டும் மாறுவதேயில்லை:
மேலே பெயர் இல்லாத எவருக்கும் கதவில்லை.

கோவையிலிருந்து ஒருவர் சிவப்புப் பெட்டியோடு வந்தார்.
வருடத்துக்கு ஒன்று எண்பது, வரி தனி.
"இப்ப இருக்கறது ஃப்ரீ சார்.
நாளைக்கு ஒண்ணுன்னா யார் சட்டையைப் பிடிப்பீங்க?"
நியாயமான கேள்வி.
அதை நான் என்னிடமே கேட்டுப் பல மாதம் ஆகிறது.

"அதுல என்னதான் எழுதியிருக்குது, படி" என்றார் அண்ணன்.
படித்துத் தமிழில் சொன்னேன்:
உள்ளது உள்ளபடி தரப்படுகிறது.
உத்தரவாதம் ஏதுமில்லை.
எந்த நட்டத்துக்கும் நாங்கள் பொறுப்பல்ல.
வெகுநேரம் சிரித்தார்.
மஞ்சி எரிந்த அன்று
இன்ஷூரன்ஸ் தாளில் பதினான்கு பக்கம் உத்தரவாதம்.
பதினைந்தாம் பக்கத்தில்
'காற்றால் பரவிய தீ நீங்கலாக.'
"இவனாச்சும் மொதல்லயே சொல்லிப்போட்டான்."

பெட்டி திரும்பிப் போயிற்று.
சிரிப்பு ஒரு காவல் அல்ல என்பது
எனக்கு மட்டும் தெரியும்.

ஆடியில் ஓர் இரவு, ஒன்று பத்துக்குச்
சுவரில் ஓட்டை என்று செய்தி.
நான் கட்டிலைவிட்டு அசையவில்லை,
கைபேசி எல்லை தாண்டிக்
கேரளத்துக்கு நல்வரவு என்றது, வழக்கம்போல.
இரண்டு நாற்பதுக்கு மருந்து வந்தது.
அனுப்பியவர் பெயரை என் நாக்கு சுழற்றாது.
முகத்துக்குப் பதில் ஒரு பூனைப் படம்.
மாற்றியது மூன்றே வரி.
படித்ததில் இரண்டு புரிந்தது.
புரியாத மூன்றாவதையும் நம்பிப்
பைக்கை எடுத்துப் போய், பொத்தானை அழுத்தினேன்.

மறுபடி எழும்பும்வரை நான்கு நிமிடம்.
உள்ளே வருவதில்லை, வெளியே போவதில்லை.
எட்டு மணிக்கு நாட்டுக்கல்லிலிருந்து ஷைனி வருவாள்,
இரண்டு கண்டெய்னர் தூள்கட்டிக்குத் தாள் அனுப்ப.
எழும்பாவிட்டால் அவளிடம் என்ன சொல்ல?
பூனை என்றா?

விளக்கு பச்சையானது.
விசிறி இருமிவிட்டுச் சுற்றியது.

எங்கள் தூள்கட்டியில் விளைந்த தக்காளியை
அந்தப் பூனைக்காரர் தின்றிருக்கக்கூடும் என்று
வரும் வழியில் கணக்கை நேர் செய்யப் பார்த்தேன்.
இருக்காது. அவர் ஊர் பிரேசில் பக்கம்;
எங்கள் சரக்கு அங்கே போவதில்லை.

தீபாவளிக்கு அண்ணன் ஐயாயிரம் அனுப்பச் சொன்னார்.
எந்தத் தலைப்பில் எழுத?
'வாட்ச்மேன் போனஸ்' என்று எழுதினேன்.

பொள்ளாச்சி ஆடிட்டர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
"உங்களுக்கு ஏதுங்க வாட்ச்மேன்?
எந்த ஊர் ஆளு?"

"செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கங்க" என்றேன்.