பிழைப் பட்டியல்

தண்டபாணி எனக்கு நாலாயிரம் தரவேண்டும்.
பதிலுக்கு ஒரு கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தான்.
ஜப்பானில் செய்தது. முற்றின தேங்காயின் கனம்.
"அமுக்குனா சத்தம் வரும், படந்தான் வராது."
அவனே சொல்லிவிட்டதால்
சண்டை போடவும் இடமில்லை.

டவுன்ஹால் பக்கத்துக் கடைக்காரர்
காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.
"வெச்சுட்டுப் போங்க, புதங்கிழமை வாங்க."
எந்தப் புதன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.
ஏழாவது புதனில் போனபோது
எண்ணெயே படக்கூடாத ஷட்டர் இதழ்களில்
எண்ணெய் விட்டு வைத்திருந்தார்.
"எப்படி வழுக்குது பாருங்க!"
இருநூற்றைம்பது ரூபாயும் வழுக்கியது.

ஈரோட்டுக்காரர் நல்ல மாதிரி. டீ வாங்கிக் கொடுத்தார்.
ஒரு மாதம் கழித்து
கேமராவோடு ஒரு பாக்குப் பொட்டலம் தந்தார்.
பிரித்தால் மூன்று திருகாணிகள்.
"மிச்சமுங்க" என்றார்
சில்லறை திருப்பித் தருகிற முகத்தோடு.

திருப்பூரில் ஒருத்தர் திறக்கவே இல்லை.
காபிக்கடை அலமாரிக்குக் கேட்கிறார்களாம்,
ஆயிரத்து இருநூறு, இப்போதே கையில்.
"ஓடாததுக்குத்தானுங்க இப்ப விலை."
பஸ் ஸ்டாண்டு வரைக்கும்
அந்தக் கணக்கு என் கூடவே நடந்து வந்தது.

எனக்கு வேலை பம்புக் கம்பெனி ஸ்டோர்ஸில்.
ஆறு மாதத்துக்கு ஒருதரம்
டயல் கேஜுகளைப் பனியன் துணியில் சுற்றிக்கொண்டு
கணபதிக்குப் போவேன், அளவு சரிபார்க்க.
கோகிலவாணியின் அறையில் எந்நாளும் இருபது டிகிரி.
சித்திரை வெயில் தகரக் கூரையை வாட்டும்போதும்
உள்ளே இரும்பு நீளாமல் சும்மா கிடக்கும்.
அன்று பையில் பதினொரு கேஜ்.
பன்னிரண்டாவதாக அதை எடுத்து வைத்தேன்.

"கேமரா எனக்குத் தெரியாதுங்."

எட்டு மாதத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை.

ரெண்டு தரம் அமுக்கிப் பார்த்தார்.
"ஆனா நேரம் அளக்கத் தெரியும். வெச்சுட்டுப் போங்க.
பதினேழாந் தேதி, நாலு மணிக்கு மேல."

பதினாலாம் தேதியே போன் வந்தது.
"எண்ணெயத் தொடைச்சுட்டேன்.
மூணு திருகாணிக்கும் எடம் இருந்துச்சு.
உள்ள ஒரு ஸ்பிரிங் சோர்ந்திருக்குதுங்.
இழுத்து வெச்சா ஒரு வருசம் மொறுக்கா ஓடும்,
பொறவு ஒடிஞ்சுரும், வேற கிடைக்காது.
இழுக்கட்டுமா, அப்படியே விடட்டுமா?"
பின்னால் ஏதோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
விடுங்க என்றேன்.

கேஜுகளுக்குத் தருகிற அதே மஞ்சள் தாள்.
சீல், கையெழுத்து, அறையின் வெப்பம்.
ஐந்நூறு: நம்ப வேண்டாம்.
இருநூற்றைம்பது: நூற்றெழுபது.
நூற்றிருபத்தைந்து: தொண்ணூற்றெட்டு.
அறுபது: ஐம்பத்தாறு.
முப்பது: முப்பது.
அடியில், எல்லாத் தாளிலும் குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப்:
பிழை அறிந்து பயன்படுத்தலாம்.

"ரேட் கார்டுல கேமரா இல்லீங்.
டயல் கேஜ், ஒண்ணுன்னு போட்டிருக்கேன்."
முந்நூற்றைம்பது. வரியோடு நானூற்றுப் பதிமூன்று.

சேதி எப்படியோ தண்டபாணிக்குப் போய்விட்டது.
ஞாயிற்றுக்கிழமை காலை வந்து நின்றான்.
கையில் எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், புத்தம் புதுசு.
"ஓடுதாமா? கொடு, கணக்க முடிச்சுக்கலாம்."
முதலில் படி என்று மஞ்சள் தாளை நீட்டினேன்.
முதல் வரியிலேயே நின்றுவிட்டான்.
தாளைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தான்.
பணம் மெதுவாகப் பைக்குள் போயிற்று.
"பொறவு பாத்துக்கலாம்" என்று
வண்டியை உதைத்துக் கிளப்பினான்.

முப்பதில் வைத்து அமுக்கினேன்.

படம் கழுவி வந்திருக்கிறது.
எதிர்வீட்டு மதில், அதில் உதிர்ந்த சுண்ணாம்பு,
கம்பியில் காயும் ஒரு சிவப்புத் துண்டு,
அதன் கரையில் ஒவ்வொரு நூலும் தெரிகிறது.
நடுவே, இடமிருந்து வலமாக,
தண்டபாணி இருந்திருக்க வேண்டிய இடத்தில்
நீலமாக ஓர் இழுப்பு.