படியில நிக்காத

இந்த வருசம் ஸ்டார் கட்டவில்லை.
கேக் வேண்டாம், புதுத்துணி வேண்டாம்,
விடியக்கால ஆராதனைக்கு மட்டும் போய்வருவோமென்று
எப்சிபா அண்ணி போனில் சொல்லியிருந்தாள்.
அப்படியே வந்தோம்.
கட்டிப் பழகிய சேலையில் நானும் அக்காவும்.
மக்ரூன் டப்பாவைத் துண்டில் சுற்றிப்
பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு
தூத்துக்குடியிலிருந்து வேதமுத்து மச்சான்.
பிள்ளைகள் நாலு பேர்,
யாரும் அதட்டாமலே அமைதியாக.

நரிமேட்டு மாடிவீட்டில்
ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுத்தோம்.
கீழ்வீட்டுச் சௌராஷ்டிரக்காரர்
படியேறி வந்தார், எதையோ கேட்க வாயெடுத்தார்,
"மூணு மணிக்கே மோட்டார் போட்டுர்றேன்" என்று மட்டும்
சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொன்னுதாஸ் அண்ணனின் காக்கிச் சட்டை
கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்கியது.
திருமங்கலம் வண்டியில்
ஆள் ஏறி முடிவதற்குள்
பின்சீட்டில் உட்கார்ந்தாராம், ஏப்ரல் வெயிலில்.
விசில் வாயிலேயே இருந்ததாம்.
அதற்குமேல் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
நாங்களும் கேட்டதில்லை.

மூணேகால் இருக்கும்.
பீரோவுக்குள் விசில் அடித்தது.

நீளமாய் ஒன்று. குட்டையாய் ஒன்று.
பிறகு அவர்:
"பெத்லகேம், பெத்லகேம், பெத்லகேம்!
போற ஆளெல்லாம் ஏறு!
உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத!
காணிக்கைக்குச் சில்லறையா வச்சுக்கங்கப்பு,
ஐநூறை நீட்டுனா
ஆண்டவர்ட்டயே மிச்சம் கெடையாது!
ரைட்..."

போன வருசமே பதிந்து
இந்தத் தேதிக்கு அலாரம் வைத்திருக்கிறார்.
அந்தப் போனுக்கு எட்டு மாதமாய்
அண்ணி சார்ஜ் போட்டு வந்திருக்கிறாள்.
எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

யாரும் அசையவில்லை.
கிளாடிஸ்தான், ஏழு வயது,
கண்ணைத் திறக்காமலே எழுந்து
பாயின் ஓரத்திலிருந்து
நடுவுக்கு நகர்ந்து படுத்தாள்.

அதில் உடைந்தது.
முதலில் மச்சானுக்கு, மூக்கு வழியாக.
பிறகு அக்கா. பிறகு எனக்கு வயிறு பிடித்துக்கொண்டது.
அண்ணி பீரோக் கதவைப் பற்றிக்கொண்டு
குனிந்து குனிந்து சிரித்தாள்,
சிரிப்பா என்று நான் ஒருமுறை
விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
சிரிப்புதான்.
அவள் அலாரத்தை நிறுத்தவில்லை.
"பத்து நிமிடம் கழித்து" என்பதைத் தொட்டாள்.

எட்டுப் பேரும் காத்திருந்தோம்.
குளிக்கப் போனவர் பாதியில் தலையை நீட்டினார்.
மக்ரூன் டப்பா எப்போது திறந்தது,
யார் திறந்தார்கள், தெரியாது;
பல் விளக்காத வாய்களில் முந்திரி கரைந்தது.
மறுபடி விசில். மறுபடி பெத்லகேம்.
கடைசி "ரைட்"டைப் பிள்ளைகள்
அவருக்கு முன்னால் சொல்லிவிட்டார்கள்.

சர்ச்சில்
காணிக்கைப் பை எங்கள் பெஞ்சுக்கு வந்தபோது
என் பர்ஸில் ஒரே ஒரு நோட்டு. ஐநூறு.
அண்ணியைப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு
இரண்டு பேரும் குலுங்கினோம்.
ஐயர் ஜெபித்துக்கொண்டிருந்தார்.
முன் பெஞ்சுப் பெரியவர் திரும்பிப் பார்த்து
பாவம், முதல் பண்டிகையல்லவா என்று
மடித்த கைக்குட்டையை நீட்டினார்.

வாங்கிக்கொண்டோம்.
அதுவும் தேவைப்பட்டது.