குறை நிறை நோட்டு

தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பொறவால என்ற கடை.
சவுரி, டோப்பா, ஒட்டுமுடி, கொண்டை வலை.
கல்லாப்பெட்டிக்கு அக்கட்டால
சணல் கட்டித் தொங்குது ஒரு நோட்டு.
நிறையை ஊருக்குச் சொல்லுங்க,
குறையை இதுல எழுதுங்கன்னு
மேலட்டையில நாந்தான் எழுதினேன்.
சனங்க குறையை ஊருக்கும் சொல்லிப்போட்டு
மறக்காம வந்து இதுலயும் எழுதறாங்க.

மூலனூர் நாச்சிமுத்து, முருங்கைக்காய் யாவாரம்:
"ஆனி வரைக்கும் நெம்ப நல்லா இருந்துச்சுங்க.
ஆடி பொறந்து மூணாம் நாள்
காத்தாலைக் காட்டுப் பக்கம் வண்டியில போறேன்,
டோப்பா எனக்கு முன்னால போகுது.
வேலியோரம் நின்ன வெள்ளாடு
மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.
ஆடாதொடைக்கு அடுத்து
ஆடு தொடாதது உங்க சரக்குதானுங்க.
மூவாயிரத்து நானூறு."

பேர் போடாத ஒருத்தர்:
"எங்க நாய் என்னை உள்ளயே உடல.
மத்தபடி தரமான பொருள்."

குண்டடம் நிவாஷினி, கல்யாணம் முடிஞ்ச ஏழாம் நாள்:
"முட்டி வரைக்கும் சடைங்கக்கா,
பூவோட மூணு கிலோ.
தாலிக்குக் குனிஞ்ச தலை
பந்தி முடியற வரைக்கும் நிமிரவே இல்ல.
என்ன அடக்கம், என்ன அடக்கம்னு
மாமியாரூட்டு ஒறம்பரை அத்தனையும் சொல்லிட்டுப் போச்சு.
சடையக் கழட்டியாச்சு.
அந்தப் பேரை நான் எதுல பின் குத்தி நிறுத்தறது?"

வெள்ளகோவில் பொங்கியண்ணன், எண்ணெய் மில்.
(இவர் கோடு போட்டுக் கணக்காவே எழுதியிருந்தார்.)
"ஹெல்மெட்டைக் கழட்டினா இதுவும் கூடவே வருதுங்க.
ஓலப்பாளையம் பக்கம் போலீஸ் நிறுத்துச்சு.
புக்கு எடுன்னாரு. ஹெல்மெட்டைக் கழட்டினேன்.
அவரு புக்கையே மறந்துட்டாரு,
அந்தப் பக்கம் திரும்பி நின்னு
முதுகு குலுங்கக் குலுங்க
கையாலயே போ போன்னாரு.
இன்சூரன்ஸ் முடிஞ்சு எட்டு மாசமாச்சுங்க.
ரெண்டாயிரம் மிச்சம்.
விலையில அதைக் கழிச்சா, கட்டுபடிதான்."

மத்தியானம் யாவாரம் படுத்துக்கற நேரம்
டீ கொண்டார ரத்தினத்துக்கு
இதையெல்லாம் படிச்சுக் காட்டுவேன்.
அவன் சிரிக்கறதுல டம்ளரெல்லாம் சிரிக்கும்.

போன பங்குனியில சாமியாத்தா வந்தாங்க.
அலங்கியம் பக்கம், நூல் மில்லுல வேலை.
தலையில முக்காடு.
நாலு சவுரி எடுத்துப் போட்டேன்.
மூணைத் தள்ளிட்டு
ஒண்ணை மட்டும் மூக்குகிட்ட கொண்டுபோனாங்க.
"அம்மிணி, இது என்ற முடி."

சிரிச்சேன். அவங்க சிரிக்கல.
"போர் போட்டோம், ஆயிரத்து நூறடி.
தண்ணி வந்தா மொட்டைன்னு பழனிக்கு நேந்துக்கிட்டேன்.
போட்ட முடி போட்டதுதான், மறுக்கா
இந்த அடர்த்தி வரவே இல்ல.
சாமிக்குக் குடுத்ததை நானே காசு குடுத்து வாங்கறதா?"

இது மெட்ராஸ் சரக்குங்கன்னு பில்லைக் காட்டினேன்.
அதுக்கு முந்தி எங்க இருந்துச்சுன்னு எழுதற பழக்கம்
இந்த யாவாரத்துல இல்ல.
"தண்ணி வந்துச்சுங்களா?"ன்னு கேட்டேன்,
பேச்சை மாத்தத்தான்.
"வந்துச்சு. உப்பு."

அப்பறம் ரெண்டு பேரும்
கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.
ஆயிரத்து எண்ணூறு சவுரி,
அறுநூத்துக்குக் கட்டிக் குடுத்தேன்.
அசலுக்கும் கீழ.
முருகன் பங்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியல.

போறப்ப நோட்டைக் கேட்டு வாங்கினாங்க.
ஒவ்வொரு எழுத்தா, அழுத்தி:
"சொந்த முடி மாதிரியே இருக்குது."

இப்ப வர்றவங்க எல்லாரும்
மத்த பக்கத்தைத் தள்ளிட்டு
அந்த வரியில விரல் வெக்கறாங்க.
இதுல ஒண்ணு குடுங்கங்கறாங்க.

ஒண்ணுதான் இருந்துச்சுங்க.