இரண்டு கடற்காகங்கள்

ரியெக்காவில் அந்தக் காற்றுக்குப் பூரா என்று பெயர்.
மூன்று நாளாய் ஊர் பூரா அதுதான்.
கிர்க் தீவுக்குப் போகும் பாலத்தை அடைத்துவிட்டார்கள்.
படகில்லை. டிக்கெட் சன்னலில் எனக்கு வேலையுமில்லை.
சட்டிபானை உருளும் சத்தம் மாடிதோறும் கேட்க
உட்கார்ந்து அட்டைப்படங்களை ஒழுங்கு செய்தேன்.

ஒரியானா என் வீட்டுக்குக் குடிவந்தபோது கொண்டுவந்தது
நான்கு பெட்டி, ஓர் எலுமிச்சைச் செடி, ஒரு வன்தட்டு.
அலமாரியைப் பாதிப்பாதி பிரித்தோம்.
பாட்டை மட்டும் பிரிக்காமல் ஒன்றாய்க் கொட்டினோம்.
பதினோராயிரத்துச் சொச்சம்.
ஐம்பத்து மூன்று வயதில் சேர்ந்து வாழ்வதென்றால்
எதை எடுத்தாலும் இரண்டு இருக்கும்:
இரண்டு காபிக் கெண்டி, இரண்டு தக்கை திருகி,
ஒரே ஆல்பம் இரண்டு தடவை.
பாடகர் பெயருக்குப் பின்னால்
எவனோ தட்டிவிட்ட ஒற்றை இடைவெளி
போதும் கணினிக்கு,
இவர் வேறு அவர் வேறு என்று சாதிக்க.

படமில்லாத ஆல்பத்துக்குச் சாம்பல் சதுரம்,
நடுவே வெள்ளையாய் ஓர் இசைக்குறி.
ஆயிரத்து அறுநூறு சாம்பல் சதுரம்.
நீயே தேடிப் பொருத்து என்றால்
சவ ஊர்வல வாத்தியத்துக்குப்
பனிமனிதன் படத்தை ஒட்டிவைக்கிறது.
ஆகவே ஒவ்வொன்றாய், கையால்.

அவள் பக்கத்துப் படம் ஒன்று நன்றாய் நினைவிருக்கிறது.
கலங்கரை விளக்கம், வெளிர் வானம், ஒரு கடற்காகம்.
இசைத்தட்டு உறை ஸ்கேனரைவிடப் பெரிது;
கால் கால் பாகமாய் நான்கு முறை எடுத்து
ஒட்டுப்போட்டிருக்கிறாள்.
விளக்கின் இடுப்பில் ஒட்டு தெரிகிறது, மயிரிழை.
வலது மூலையில் நீலப் பேனாவில்
தாரியோ.
கீழே அலட்சியமாய் ஒரு கோடு.

அவளுடைய முன்னாள் கணவன் பெயர் தாரியோ.

எனக்குப் பொறாமை என்று சொல்லமாட்டேன்.
ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன், அவ்வளவே.
விலைச்சீட்டின் பிசினைத் துடைத்தேன்,
காபிக் கோப்பையின் வட்டத்தைத் துடைத்தேன்,
அந்தக் கையோடு,
இடப்பக்கத்து வானத்தை நகலெடுத்து
வலப்பக்கத்துப் பெயர்மேல் பூசினேன்.
சேமி என்றேன். சேமித்தது.

ராத்திரி பீன்ஸ் சூப் ஆறிக்கொண்டிருக்க
திரையைப் பார்த்து நின்றாள்.
"நேவியோ, பறவை ஒன்றுதானே இருந்தது?"

அப்போதுதான் கவனித்தேன்.
வானத்தோடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது,
அதே சிறகு, அதே சாய்வு,
வலது மூலையில் இன்னொன்று.

"மூலையில் டிரம்மர் கையெழுத்து இருந்தது," என்றாள்.
"எனக்குப் பதினேழு. மழையில் வரிசையில் நின்று வாங்கினேன்.
தாரியோ என்று இந்த ஊரில்
தெருவுக்கு நாலு பேர்."

அசல் உறை நிலவறையில் வெள்ளம் புகுந்த வருடம்
கூழாகிவிட்டதாம். சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்.
சண்டை போட்டிருக்கலாம் அவள்.
போட்டிருந்தால் எனக்கும் பதில் இருந்திருக்கும்.

அவள் தூங்கிய பிறகு இழுப்பறையைக் கவிழ்த்தேன்.
திரை கீறிய பழைய பாட்டுப்பெட்டி ஒன்று, அவளுடையது.
அரைமணி நேரம் மின்சாரம் குடித்துவிட்டு
முனகிக்கொண்டு விழித்தது.
உள்ளே அதே படம், தபால்தலை அளவில்.
மூலையில் நீலமாய் நான்கைந்து புள்ளி.
அது தாரியோ என்று
தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

எடுத்துப் பெரிய திரையில் வைத்தேன்.
வரிசையாய்க் கூர்மையான படங்களுக்கு நடுவே
ஈரக் கண்ணாடி வழியே பார்த்ததுபோல் அது ஒன்று.

ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது,
மாற்றவா, இரண்டையும் வைக்கவா என்று கேட்டது.

வெளியே யாருடைய ஓடோ பெயர்ந்து விழுந்தது.
இரண்டையும், என்றேன்.
காற்று நின்றால் காலை ஆறரைக்குப் படகு.