ன்னுக்கு மேல் ஒரு குட்டி வட்டம்

சனிக்கிழமை சாயங்காலம்
யாரும் பார்க்காத நேரம்
செக்கானூரணி உயர்நிலைப் பள்ளியின்
சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால்
ஒரு முழ ஆழத்தில்
சங்க காலத்தைப் புதைத்தேன்.

பூந்தொட்டிச் சில்லுகள் பதினொன்று,
வளையல் துண்டு, ஒற்றைத் தாயக்கட்டை,
பழந்தமிழ் எழுத்தில்
இரும்பாணியால் நான் கீறிய ஒரு பெயர்:
சாத்தன்.
மண்ணைத் தள்ளி மிதித்து
இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன்.
இரண்டாயிரம் வருஷம் இறுகிவிட்டதென்று
உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடித்தேன்.

செவ்வாய், ஐந்தாம் பீரியட்.
சாம்பார் சாதம் இமையை இழுக்கும் நேரம்.
அரசர்களின் ஆண்டுகளைச் சொன்னால்
வரிசைக்கிரமமாகக் கொட்டாவி விடும்
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு, நாற்பத்தொரு பேர்,
சணல் கட்டிய நான்கு சதுரங்களைச் சுற்றிக்
குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.
கையில் ஸ்பூன், பழைய பல்துலக்கி, டீ வடிகட்டி.
அழகுபாண்டி மட்டும்
அப்பாவின் கொத்தனார் கரண்டி.
"கொத்தாதடா, சுரண்டு."

முதலில் கிடைத்தது பிஸ்கட் உறை.
எட்டு சென்டிமீட்டர் என்று அளந்து
அதையும் வரைந்தே தீருவேன் என்றாள் ரிஸ்வானா.
வரையட்டும்.
அதுவும் ஒரு காலம்தானே.

மூன்றாம் குழியில் சாத்தன் எழுந்தான்.
விசிலும் கூச்சலும்.
கண்டெடுத்த மொக்கராஜ் மட்டும் கத்தவில்லை.
திருப்பினான். மோந்தான்.
விளிம்பை நகத்தால் தேய்த்தான்.
"டீச்சர், ஒடஞ்ச எடம் புதுசா, செவப்பா இருக்கு.
அப்புறம் இந்த ன்னுக்கு மேல
புள்ளிக்குப் பதிலா குட்டி வட்டம்.
போர்டுல நீங்கதான அப்படிப் போடுவீங்க?"

பதினாறு வருஷ சர்வீஸில்
என்னை யாரும் இவ்வளவு கவனமாக
வாசித்ததில்லை.
"ஆமா" என்றேன். "சாத்தன் நான்தான்."
அவன் குறிப்பேட்டில் எழுதினான்:
போலி. போன வாரத்தது.

மணி அடித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும்.
நான் எதையும் புதைக்காத
நான்காவது குழியில்
டங்.

"இதுவும் நீங்களா?"
"சத்தியமா இல்ல."
யாரும் நம்பவில்லை.
நெளிந்த அலுமினியத் தட்டு.
குழாயடியில் தேய்க்கத் தேய்க்க
ஆணி நுனியால் யாரோ
புள்ளி புள்ளியாய்க் குத்தியது தெரிந்தது:
ஒச்சம்மா 7 ஆ.

அதன்பிறகு என்னிடம் யாரும்
எதுவும் கேட்கவில்லை.
தலைமையாசிரியர் அறை பீரோவை
அவர்களே திறக்கவைத்தார்கள்.
சேர்க்கைப் பதிவேட்டில் மூன்று ஒச்சம்மாக்கள்.
ஒருத்தி பத்து முடித்தவள்.
ஒருத்தி டி.சி. வாங்கிக்கொண்டு திருமங்கலம் போனவள்.
மூன்றாமவள் ஏழோடு சரி.
நின்ற காரணம் என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு.

"கோடுன்னா என்ன டீச்சர் அர்த்தம்?"

சேர சோழ பாண்டியர் எல்லாரையும்
மனப்பாடமாய் வைத்திருக்கிறேன்.
தெரியல என்றேன்.

சமையலம்மா எட்டிப் பார்த்து
"எங்க சித்தி பேரும் அதான்.
ஆனா அது பள்ளிக்கூடத்துப் பக்கமே வந்ததில்ல"
என்றுவிட்டு அண்டா கழுவப் போனார்.

சாத்தனைக் குப்பையில் போடப் போனேன், விடவில்லை.
இப்போது இரண்டும் ஒரே அலமாரியில்.
ரிஸ்வானா கையெழுத்தில் அட்டைகள்:
*டீச்சர் செய்தது.*
*எந்த ஒச்சம்மா என்று தெரியவில்லை. தேடுகிறோம்.*

வரும் சனிக்கிழமை
பதிவேட்டிலிருந்த தெருப் பெயரோடு
மூன்று பேர் கருமாத்தூர் போகிறார்கள்.
பஸ் சார்ஜ் கேட்டார்கள், கொடுத்தேன்.
என்னைக் கூப்பிடவில்லை.